தண்டவாளம் காட்டும் கொல்கத்தா

சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் ஓடிவந்த களைப்போடு மெயில் ஹௌராவின் புதிய வளாகத்தில் நிற்கும். சிவப்புச் சட்டை போர்ட்டர்கள் வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னலோரம் கூடவே ஓடி வருவார்கள். அவர்களைத் தாண்டி வெளியே வந்தால் மஞ்சள் டாக்ஸிகளின் வரிசை, சற்றுத் தள்ளி வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு ஹௌரா பாலம். முதல் தடவை வருகிறவருக்குக் கால் தானாக டாக்ஸிப் பக்கம்தான் போகும். நானும் பல வருஷம் அப்படித்தான் போனேன். பாலத்து நெரிசலில் அரை மணி, படா பஜார் லாரிகளுக்கு நடுவே இன்னொரு அரை மணி. விடுதி போய்ச் சேர்வதற்குள் ஊர் மீதே ஒரு சலிப்பு வந்துவிடும்.

இப்போது கொல்கத்தா போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் சொல்வது இதுதான்: பாலத்தை நின்று ஆசை தீரப் பாருங்கள், பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவுக்குப் படியிறங்குங்கள்.

படியிறங்குவதே ஒரு பயணம். ஹௌரா மெட்ரோ நிலையம் தரைக்குக் கீழே 30 மீட்டருக்கு மேல் ஆழத்தில் இருக்கிறது. நகரும் படிக்கட்டு ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து இன்னொன்று என்று இறங்கிக்கொண்டே இருப்போம். வண்டி கிளம்பிய சிறிது நேரத்தில் சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் வரும். அந்த நீலம் தெரிகிற வரைக்கும் தலைக்கு மேலே ஹூக்ளி நதி ஓடுகிறது என்று அர்த்தம். 520 மீட்டர், சுமார் 45 விநாடி. கண்ணாடியில் மூக்கை அழுத்தி நிற்கும் குழந்தைகள் எண்ணத் தொடங்கி முடிப்பதற்குள் நீலம் போய்விடும். 2024 மார்ச்சில் திறந்த இந்தப் பாதைதான் இந்தியாவில் நதிக்கு அடியில் ஓடும் முதல் மெட்ரோ. அடுத்த நிலையம் மஹாகரண். அதற்கு அடுத்தது எஸ்பிளனேட், ஊரின் நடுமையம். கட்டணம் பத்து ரூபாய்.

ஒரு எச்சரிக்கை. கோரமண்டல் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தவர்கள் ஹௌராவில் இறங்கப்போவதில்லை. அந்த வண்டி இப்போது ஷாலிமார் வரைதான். ஷாலிமாரும் நதிக்கு அந்தக் கரையில்தான் இருக்கிறது, ஆனால் அங்கே மெட்ரோ இல்லை. இறங்கியதும் பஸ்ஸோ டாக்ஸியோ பிடித்தாக வேண்டும். வயதானவர்களோடும் நிறையச் சாமானோடும் போகிறவர்கள் சென்னை மெயிலையோ, திருச்சியிலிருந்தும் கன்னியாகுமரியிலிருந்தும் புறப்படும் ஹௌரா வண்டிகளையோ பார்ப்பது நல்லது. விமானத்தில் போகிறவர்களுக்கும் 2025 ஆகஸ்ட் 22 முதல் வழி பிறந்திருக்கிறது. ஜெய் ஹிந்த் விமான நிலைய மெட்ரோவில் ஏறி நோவாபாராவில் மாறினால் நேரே ஊருக்குள் போய்விடலாம்.

அதே நாளில்தான் சியால்தாவுக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையே விட்டுப்போயிருந்த துண்டும் சேர்ந்தது. அந்தத் துண்டு சுலபமாகக் கிடைக்கவில்லை. 2019 ஆகஸ்ட் கடைசியில் சுரங்கம் தோண்டும்போது பௌபஜாரில் மண் இறங்கிப் பழைய வீடுகள் இடிந்தன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் கட்டிய துணியோடு வெளியே வந்தன. 2022-லும் அதே இடத்தில் மறுபடி விரிசல் விட்டது. சியால்தாவிலிருந்து சில நிமிஷத்தில் எஸ்பிளனேட் வந்து இறங்கும்போது அந்த வீடுகளையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

எஸ்பிளனேடில், நதிக்கு அடியில் வந்த பச்சைத் தடத்திலிருந்து நீலத் தடத்துக்கு மாறுகிறோம். இந்த நீலத் தடம்தான் மூத்தது. டில்லி மெட்ரோ வந்தது 2002-ல், நம் சென்னை மெட்ரோ 2015-ல். கொல்கத்தாவில் 1984 அக்டோபர் 24 அன்றே எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டருக்கு வண்டி ஓடிவிட்டது. 1972 டிசம்பரில் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். தெருவை மேலிருந்து வெட்டி, உள்ளே கான்கிரீட்டில் பெட்டி போலக் கட்டி, திரும்ப மூடும் முறையில்தான் பெரும்பகுதி வேலை நடந்தது. ஊரின் முதுகெலும்பு போன்ற சாலைகள் வருஷக்கணக்கில் பள்ளமாகக் கிடந்தன. டம்டமிலிருந்து டாலிகஞ்ச் வரை முழுதாக ஓடியது 1995-ல். அடிக்கல்லிலிருந்து 23 வருஷம். அவ்வளவு பொறுத்த ஊர் இது. இன்றும் அந்த மெட்ரோ இந்திய ரயில்வேயின் கையில்தான் இருக்கிறது. நாட்டின் மற்ற மெட்ரோக்களைப் போலத் தனி நிறுவனம் நடத்துவதல்ல. குறைந்தபட்சக் கட்டணம் ஐந்து ரூபாயாக நிற்பதற்கு அது ஒரு பெரிய காரணம். நமக்கு இன்னொரு சேதியும் உண்டு: நீலத் தடத்தில் ஓடும் பெட்டிகளில் பெரும்பாலானவை நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பிறந்தவை.

விடுதி எடுக்கும்போது இந்த நீலத் தடத்தை ஒட்டி எடுங்கள். எஸ்பிளனேட், பார்க் ஸ்ட்ரீட், ரவீந்திர சதன், காளிகாட் இவற்றில் எதற்காவது நடந்து போகிற தூரத்தில் இருந்தால் போதும். அறை கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. அறையின் அளவைவிட நிலையத்தின் அருகாமைதான் இந்த ஊரில் உங்களைக் காப்பாற்றும்.

பெயர் குழப்பும்

நீலத் தடத்தில் வெளியூர்க்காரர்கள் தடுக்கி விழுவது நிலையப் பெயர்களில்தான். கவிஞர்கள், தியாகிகள், நடிகர்கள் என்று வங்காளம் தன் அன்புக்குரியவர்களையெல்லாம் நிலையங்களாக்கி வைத்திருக்கிறது. அழகான காரியம். ஆனால் நேதாஜி பவன் என்று ஒரு நிலையம், நேதாஜி என்று இன்னொரு நிலையம். முதலாவது சுபாஷ் சந்திர போஸ் வீட்டிலிருந்து தப்பிப் போனாரே, அந்த எல்ஜின் சாலை வீட்டுக்கு அருகில். இரண்டாவது தெற்கே வெகுதூரம் தள்ளி, குத்காட்டில். ரவீந்திர சதன் ஒன்று, ரவீந்திர சரோபர் ஒன்று. விக்டோரியா நினைவு மண்டபத்துக்குப் போக வேண்டியவர் பின்னதில் இறங்கினால் ஏரிக்கரையில் போய் நிற்பார். கவி சுபாஷ் என்பதை நேதாஜி சுபாஷ் என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயின் பெயர். அந்த நிலையம் 2025 ஜூலையில் தூண்களில் விரிசல் கண்டு மூடப்பட்டது, தெற்கே போகும் வண்டிகள் ஷஹீத் குதிராமோடு திரும்பின. தெற்குக் கோடிக்குப் போகிறவர்கள் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

இன்னொரு சிக்கல். நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரரிடம் மஹாநாயக் உத்தம் குமார் போக வேண்டும் என்றால் அவர் ஒரு நொடி யோசிப்பார். டாலிகஞ்ச் என்று சொல்லுங்கள், உடனே தலையாட்டுவார். கீதாஞ்சலி என்றால் நாக்தலா, மாஸ்டர்தா சூர்யா சென் என்றால் பான்ஸ்த்ரோணி. இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்வது கைப்பேசி வரைபடத்தைவிட விரைவாக உதவும். அங்கே ஆட்டோக்கள் பெரும்பாலும் பங்கு ஆட்டோக்கள், ஒரே பாதையில்தான் போகும். எந்த நிலையத்திலிருந்து எந்தப் பாதை என்று தெரிந்துவிட்டால் ஊர் முழுக்கச் சில்லறைக் காசில் சுற்றலாம்.

டோக்கனுக்கு வரிசையில் நிற்பதைவிட முதல் நாளே ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுவது நல்லது. ஞாயிறன்று காலையில் வண்டிகள் தாமதமாகத்தான் தொடங்கும். இரவு பத்து மணிக்கு மேல் மெட்ரோவை நம்பி வெளியே இருக்க வேண்டாம். ஆனால் துர்கா பூஜையின் சப்தமி, அஷ்டமி, நவமி மூன்று நாளும் நீலத் தடத்தில் விடிய விடிய வண்டி உண்டு. அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு ஏறாதீர்கள் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன்; அந்த மூன்று இரவுகளைப் பார்ப்பதற்கென்றே ஒருமுறை போகலாம்.

கூட்டம் என்று சொன்னேன். காலை ஒன்பதிலிருந்து பதினொன்று, மாலை ஐந்திலிருந்து எட்டு, இந்த நேரங்களில் பெரிய பெட்டியோடு ஏறுவது நமக்கும் கஷ்டம், அடுத்தவருக்கும் கஷ்டம். நெரிசலில் உங்கள் தோளை யாராவது மெல்லத் தொட்டு, "தாதா, நாம்பேன்?" என்று கேட்பார். பயந்துவிட வேண்டாம். "அண்ணா, இறங்குறீங்களா?" என்று அர்த்தம். இறங்குவதாக இருந்தால் "நாம்போ" என்று சொல்லுங்கள், அவர் உங்கள் பின்னால் வந்துகொள்வார். இல்லையென்றால் தலையசைத்து ஒதுங்கி வழிவிடுங்கள். கதவுக்கு அருகில் நிற்பவர் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் முழித்தால்தான் அங்கே முகம் சுளிப்பார்கள். பெண்களைத் "தீதி" என்று கூப்பிடலாம், அம்மா வயதுக்காரர்களை "மாஷிமா". அறிவிப்பில் "டான் திகே" என்றால் பிளாட்பாரம் வலப்பக்கம், "பாம் திகே" என்றால் இடப்பக்கம். இவ்வளவு வங்காளம் போதும், ஒரு வாரம் ஓட்டிவிடலாம்.

எங்கே இறங்குவது? வடக்கிலிருந்து வந்தால் தட்சிணேஸ்வரம் கோடி நிலையம். 1855-ல் ராணி ராஸ்மணி கட்டிய காளி கோயிலுக்கு நிலையத்திலிருந்தே மேம்பால நடைபாதை போகிறது. திரும்பும்போது கோயில் படித்துறையிலிருந்து படகில் பேலூர் மடம் போகலாம். ஷோபாபஜாரில் இறங்கினால் களிமண் சிலை செய்யும் குமார்துலி. கிரிஷ் பார்க்கில் இறங்கினால் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு. மகாத்மா காந்தி சாலை நிலையத்திலிருந்து காலேஜ் ஸ்ட்ரீட்டின் பழைய புத்தகக் கடைகளுக்கு நடந்துவிடலாம். பார்க் ஸ்ட்ரீட் நிலையம் இந்திய அருங்காட்சியகத்துக்கு. 1814-ல் தொடங்கியது, அரை நாளாவது வேண்டும். ரவீந்திர சதன் நிலையச் சுவர்களில் தாகூரின் ஓவியங்களும் கையெழுத்துப் படிகளும் இருக்கின்றன. அவசரமாக வெளியேறாமல் ஐந்து நிமிஷம் பிளாட்பாரத்திலேயே நடங்கள்.

காளிகாட் நிலையத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எல்லோரும் கோயில் பக்கம் திரும்புவார்கள். கும்பிட்டுவிட்டு வந்து ராஷ்பிஹாரி அவென்யூவில் கிழக்கே பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். லேக் மார்க்கெட் வரும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறையாக வாழ்ந்த பேட்டை அது. அலுவலக வேலைக்கென்று வந்தவர்கள் இங்கே வீடு பிடித்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இட்லிக் கடைகளையும் காபிப்பொடிக் கடைகளையும் வரவழைத்தார்கள். வாழையிலையும் கட்டிய மல்லிகையும் தேடி வருகிறவர்களுக்கு இன்றும் அதுதான் இடம். வங்காளிப் பெண்கள் அங்கே தோசைக்கு வரிசையில் நிற்பதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. 'நீலகண்டப் பறவையைத் தேடி' நாவலைத் தமிழுக்குத் தந்த சு.கிருஷ்ணமூர்த்தி இந்தக் கொல்கத்தாவில் வாழ்ந்து எழுதியவர்தான். வங்காள இலக்கியம் தமிழுக்கு வந்த பாதையில் இந்த ஊரில் குடியேறிய தமிழர்களின் உழைப்பு நிறைய இருக்கிறது.

டம்டமிலும் நமக்கு ஒரு பந்தம் உண்டு. பாரதியார் நிவேதிதா தேவியைச் சந்தித்தது டம்டமில் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். 1908-ல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்க'ளை அவருக்குத்தான் காணிக்கையாக்கினார் பாரதி. இன்று டம்டம் மெட்ரோவும் லோக்கலும் சக்கர ரயிலும் கூடும் பரபரப்பான சந்திப்பு. அங்கே வண்டி மாறும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்திப்பு ஞாபகம் வரும்.

நதியோரம் ஓடும் வண்டி

சக்கர ரயில் என்று சொன்னேன் இல்லையா, அதைச் சுற்றுலாக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். ஊரைச் சுற்றிவரும் லோக்கல் வண்டி. டம்டமிலிருந்து பாக்பஜார், ஷோபாபஜார், படா பஜார், பி.பா.தி. பாக், ஈடன் கார்டன்ஸ், பிரின்செப் காட் என்று ஹூக்ளியின் விளிம்போடு ஒட்டிக்கொண்டு போகும். ஒரு பக்கம் பழைய கிடங்குகளின் முதுகு, மறுபக்கம் படித்துறைகள். ஈர வேட்டியோடு தண்டவாளத்தைக் கடந்து போகிறவர்களுக்காக வண்டி ஊதிக்கொண்டே நகரும். நிம்தலா சுடுகாட்டை ஒட்டிப் போகும். தாகூரின் உடலுக்கு 1941-ல் எரியூட்டியது அங்கேதான். ஹௌரா பாலத்தடியில் மல்லிக் காட் பூச்சந்தையின் முதுகை உரசிக்கொண்டு போகும்போது சாமந்தி வாசனை பெட்டிக்குள்ளேயே வந்துவிடும். வண்டிகள் குறைவு, இடைவெளி அதிகம். நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, சாயங்கால வெயிலில் பிரின்செப் காட்டில் இறங்குகிற மாதிரி ஏறுங்கள். பூஜை முடிந்து சிலைகளைக் கரைக்கும் நாட்களில் மட்டும் இந்தத் தடத்தை நம்ப வேண்டாம், வண்டிகளை நிறுத்திவிடுவார்கள்.

பிரின்செப் காட்டில் வெள்ளைத் தூண்களோடு நிற்கும் மண்டபத்தின் முன்னால் கல்யாணப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அது யாருடைய நினைவுக்கு என்று கேட்டால் அங்கேயே பலருக்குத் தெரியாது. கல்கத்தா நாணயச் சாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப், பிராமி எழுத்தை 1837-ல் வாசித்தவர். அசோகனின் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்று நம் மூவேந்தர் காலத்துப் பெயர்கள் பொறித்திருப்பது உலகத்துக்குத் தெரியவந்தது அந்த வாசிப்பினால்தான். நாற்பது வயதில் இறந்துபோனார். தமிழ்நாட்டிலிருந்து போகிற ஒவ்வொருவரும் அந்தத் தூண்களின் கீழே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும்.

தரங்கம்பாடியின் தம்பி ஊர்

இவ்வளவும் ஊருக்குள். ஒரு நாள் மீதம் இருந்தால் ஹௌராவின் பழைய வளாகத்துக்குப் போய் பண்டேல் லோக்கலில் ஏறுங்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார வண்டியில் போய்வந்த யாருக்கும் இது புதிதாக இருக்காது. அதே மாதிரி பெஞ்சு, அதே மாதிரி தொங்கும் கைப்பிடி, அதே மாதிரி ஜன்னலோரச் சண்டை. டிக்கெட் ஐந்து, பத்து ரூபாய்தான். போக வரச் சேர்த்தே எடுத்துவிடுங்கள். முன்னாலும் பின்னாலும் மகளிர் பெட்டிகள் உண்டு. அவசரத்தில் ஏறிவிட்டு அபராதம் கட்டும் வெளியூர் ஆண்கள் நிறையப் பேர். காலையில் ஊரிலிருந்து வெளியே போகிற வண்டியில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், கூட்டமெல்லாம் எதிர்த் திசையில் ஹௌராவை நோக்கி வந்துகொண்டிருக்கும்.

லிலுவா தாண்டியதும் ஜால்முரிக்காரர் வருவார். கழுத்தில் பட்டை போட்டு மாட்டிய தகரத் தட்டு, அதில் வட்டமாக அடுக்கிய டப்பாக்கள். ஒரு குவளையில் பொரி, வெங்காயம், பச்சை மிளகாய், வேகவைத்த உருளைக்கிழங்கு, மசாலா எல்லாம் போட்டு, மேலே கடுகெண்ணெயைச் சொட்ட விட்டு, கரண்டிக் காம்பால் கடகடவென்று கலக்குவார். வண்டி வளைவில் ஆடும்போதும் ஒரு பொரி கீழே விழாது. காகிதப் பொட்டலத்தில் கொட்டி, உச்சியில் ஒரு கீற்றுத் தேங்காயைச் செருகி நீட்டுவார். கடுகெண்ணெயின் காரம் மூக்கில் ஏறும். முதல் வாயில் பிடிக்காமல் போகலாம், இரண்டாவது வாயில் பழகிவிடும்.

நான் இந்தத் தடத்தில் போகச் சொல்வது பொரிக்காக மட்டும் இல்லை. கிழக்கிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஓடியது ஹௌராவிலிருந்து இதே வழியாக ஹூக்ளிக்குத்தான். அந்த முதல் தடத்தின் ஓரத்தில் வரிசையாக இருக்கிற ஊர்களைப் பாருங்கள். 20 கிலோமீட்டரில் செராம்பூர். அது டேனிஷ்காரர்களின் ஊர். 33 கிலோமீட்டரில் சந்தன்நகர், பிரெஞ்சுக்காரர்களின் ஊர். அடுத்து சூச்சுரா, டச்சுக்காரர்களுடையது. கடைசியில் பண்டேல், போர்த்துகீசியர் 1599-ல் தொடங்கிய தேவாலயம் இருக்கிற இடம். நம் கிழக்குக் கடற்கரையில் தரங்கம்பாடியும் புதுச்சேரியும் பழவேற்காடும் வெகுதூர இடைவெளியில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் உடன்பிறப்புகள் இங்கே ஒரே லோக்கல் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

தரங்கம்பாடியும் செராம்பூரும் ஒரே பத்திரத்தில் கை மாறியவை. 1845-ல் டென்மார்க் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயருக்கு விற்றது. தரங்கம்பாடியில் சீகன்பால்க் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுச் சுமார் 85 வருஷம் கழித்து, 1801-ல் செராம்பூரில் வில்லியம் கேரி வங்காளத்தில் அச்சிட்டார். கேரி தொடங்கிய கல்லூரி இன்றும் ஆற்றங்கரையில் நடக்கிறது. 1806-ல் கட்டிய செயின்ட் ஒலாவ் தேவாலயத்தைப் பழுதுபார்த்து மறுபடி திறந்திருக்கிறார்கள். நிலையத்திலிருந்து பங்கு ஆட்டோவோ டோட்டோவோ கிடைக்கும். டோட்டோ என்பது அங்கே பேட்டரி ரிக்‌ஷாவின் பெயர். தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டையைப் பார்த்தவர்கள் செராம்பூர்த் தெருவில் நடக்கும்போது இரண்டு ஊரையும் மனசுக்குள் அருகருகே வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

சந்தன்நகரில் இறங்கி ஆற்றங்கரைச் சாலைக்குப் போனால் புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் உட்கார்ந்திருக்கிற நினைப்பு வரும், கடலுக்குப் பதில் ஆறு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் நாம் சந்திக்கிற துய்ப்ளேக்ஸ் புதுச்சேரிக்கு ஆளுநராக வருவதற்கு முன் பத்து வருஷத்துக்கு மேல் இருந்து பெயரெடுத்தது இந்தச் சந்தன்நகரில்தான். பின்னால் 1910-ல் ஆங்கிலேயரின் கண்ணில் படாமல் இருக்க அரவிந்தர் முதலில் வந்தது இங்கே, பிறகுதான் புதுச்சேரி. புதுச்சேரி 1954-ல் விடுபட்டது. சந்தன்நகர் அதற்கு முன்பே, வாக்கெடுப்பு நடத்தி, 1950-ல் இந்தியாவிடம் வந்துவிட்டது. மாலையில் ஸ்ட்ராண்ட் மண்டபத்து நிழலில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு ஏழு மணி வாக்கில் கிளம்பினால் ஹௌராவுக்குக் கூட்டமில்லாத வண்டி கிடைக்கும். அங்கிருந்து மெட்ரோ வேண்டாம், நேரம் இருந்தால் ஃபெர்ரியில் ஏறுங்கள். நதிக்கு அடியில் ஒருமுறை போயிற்று, நதி மீது ஒருமுறை போக வேண்டாமா? விளக்கெரியும் ஹௌரா பாலத்தைப் படகிலிருந்து பார்த்தால்தான் 1943-ல் நட்டும் போல்ட்டும் இல்லாமல் ரிவெட் ஆணி அறைந்தே இதை நிறுத்திவைத்தவர்களின் காரியம் புரியும்.

மணி அடிக்கும் வரை

டிராமைக் கடைசிக்கு வைத்தேன். அதைப் பற்றிப் பேசும்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொள்கிறது.

1873 பிப்ரவரி 24 அன்று சியால்தாவிலிருந்து அர்மீனியன் காட் வரை குதிரை இழுத்த டிராம் ஓடியது. 1902-ல் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்கு மின்சார டிராம். இதில் நாம் முந்தியவர்கள்: சென்னையில் 1895-லேயே மின்சார டிராம் ஓடிவிட்டது, இந்தியாவில் முதலாவது அதுதான். ஆனால் சென்னை டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோனது. கம்பெனி நொடித்தது, தண்டவாளங்களைப் பெயர்த்தார்கள், ஊர் மறந்துவிட்டது. அதே 1953 ஜூலையில் கொல்கத்தாவில் என்ன நடந்தது தெரியுமா? இரண்டாம் வகுப்பு டிராம் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்தியதற்காக ஊரே தெருவில் இறங்கியது. பல நாள் போராட்டம், துப்பாக்கிச் சூடு. கடைசியில் உயர்வை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. டிராம் தன்னுடையது என்று ஒரு ஊர் நினைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அந்த ஒரு பைசாதான் சாட்சி.

மறுவருஷம் அக்டோபரில் கவிஞர் ஜீவனானந்த தாஸ் ராஷ்பிஹாரி அவென்யூவில், நம் லேக் மார்க்கெட்டுக்குச் சற்றுத் தள்ளி, டிராம் மோதி விழுந்தார், எட்டு நாளில் இறந்தார். சத்யஜித் ராயின் 'மகாநகர்' படம் தொடங்குவதே டிராமின் மேல்கம்பி சரசரவென்று போகும் காட்சியில். இந்த ஊரின் கவிதையிலும் சினிமாவிலும் சாவிலும் டிராம் இருக்கிறது.

ஒரு காலத்தில் ஹௌரா பாலத்தின் மீதே டிராம் ஓடியது, 1993-ல் நிறுத்தினார்கள். பிறகு தடம் தடமாகச் சுருங்கி, எஸ்பிளனேட்–ஷியாம்பஜார், கரியாஹாட்–எஸ்பிளனேட் என்று விரல்விட்டு எண்ணும்படி ஆயிற்று. 2024 செப்டம்பரில், மைதானத்தை ஒட்டிய ஒரு பாரம்பரியத் தடத்தைத் தவிர மற்றதையெல்லாம் நிறுத்தப்போவதாக மாநிலப் போக்குவரத்து அமைச்சர் அறிவித்தார். நெரிசலுக்கு டிராம்தான் காரணம் என்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. புகை விடாமல், ஒரே பெட்டியில் இத்தனை பேரை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வெளிநாட்டு நகரங்கள் கோடி கோடியாகச் செலவழித்துத் திரும்பக் கொண்டுவரும் காலத்தில், கையில் இருப்பதைப் பெயர்த்துப் போடுவது தவறு. டிராமை மீட்கப் போராடும் பயணிகள் அமைப்பினர் ஊரில் இருக்கிறார்கள், வழக்கு கல்கத்தா உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறது.

ஷியாம்பஜார் டிராமில் ஒரு காலையில் போனேன். மரப் பெஞ்சு, தலைக்கு மேல் வலைக்கூண்டுக்குள் சுற்றும் பழைய மின்விசிறி. ஓட்டுநர் காலால் மணியை மிதிக்கிறார், டங் டங் என்று சத்தம். காலேஜ் ஸ்ட்ரீட்டில் புத்தகக் கட்டைத் தலையில் சுமந்த ஒரு பெரியவர் கை காட்டினார். வண்டி வேகத்தைக் குறைத்தது, முழுதாக நிற்கவில்லை, அவர் ஏறிவிட்டார். கண்டக்டர் தோள் பையிலிருந்து மெல்லிய காகித டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பெரியவர் அதை மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்கு அடியில் செருகிக்கொண்டார். ஐம்பது வருஷமாக அப்படித்தான் செருகுகிறார் என்பது அந்த விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

நீங்கள் போகும் அன்று எந்தத் தடம் ஓடுகிறது என்று எஸ்பிளனேட் டெப்போவில் கேளுங்கள். பக்கத்திலேயே ஒரு பழைய டிராமுக்குள் ஸ்மரணிகா என்ற சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகத்துக்கு முன்னால், ஓடுகிற டிராம் ஒன்று கண்ணில் பட்டால், அது எங்கே போனாலும் சரி, டிக்கெட் எடுத்து ஏறிவிடுங்கள். விக்டோரியா மண்டபத்தை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.